ஏட்டறிவும் அருளறிவும்: விவிலியத்தை வாசித்த சைவர் இருவர்

ஒரு சமயத்தின் மறைநூலைத் திறக்கும் திறவுகோல் யாது? நெடுங்காலக் கல்வியா, அன்றி இறைவன் உள்நின்று உணர்த்தும் அருளறிவா? கிறிஸ்தவ உலகில் இவ்வினா மிகப் பழையது. விவிலியமே இரு சாராருக்கும் சான்று தருகின்றது. ஆவிக்குரியவற்றை ஆவியின் துணையாலன்றி உணரவியலாது என்னும் கருத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திலே காண்கின்றோம். அப்போஸ்தலர் பணிகளிலோ, தேரில் அமர்ந்து ஏசாயாவின் ஏட்டைப் படித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அலுவலர், விளக்குவார் ஒருவரின்றித் தமக்கு அது விளங்காது என்கின்றார். பிலிப்பு அருகமர்ந்து விளக்குகின்றார்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவுக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கே சைவ மாணவரும் கிறிஸ்தவ மாணவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அருகருகே இருந்து கற்கின்றனர். நம்பிக்கையாளர்க்கன்றிப் பிறர்க்கு மறைநூல் விளங்காது எனின், ஒருவர் நூலைப்பற்றி மற்றவர் வாய் திறத்தல் ஆகாது. கல்வி ஒன்றே போதும் எனின், அந்நூலை உயிரென ஓதுவோரின் அனுபவம் வெறும் உணர்ச்சியாகிவிடும். முதலாவது நிலைப்பாடு உரையாடலை அடைக்கின்றது. இரண்டாவது அதன் மதிப்பைக் குறைக்கின்றது. இச்சிக்கலை ஆராய்வதற்கு இம்மண்ணோடு தொடர்புடைய சைவர் இருவரின் விவிலிய வாசிப்பினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆறுமுகநாவலர்; மற்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

நாவலர் (1822–1879) வெஸ்லியன் மிசனைச் சார்ந்த பாடசாலையிலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். பேர்சிவலின் தலைமையில் நடந்த விவிலியத் தமிழாக்கத்திற் பல்லாண்டு துணைநின்றார். மொழிபெயர்ப்பு என்பது வாசிப்பின் மிகக் கடினமான வகை. வாசகன் விளங்காத சொல்லைத் தாண்டிச் செல்லலாம். மொழிபெயர்ப்பாளன் தாண்ட முடியாது. ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்று, நிறுத்து, தெரிந்தே ஆகவேண்டும். அத்தகைய உழைப்பின் பின்னரும் நாவலர் கிறிஸ்தவராகவில்லை. 1848இல் மிசன் பாடசாலையை விட்டு நீங்கிச் சைவப் பணியிலே முழுமையாக இறங்கினார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

அக்கல்வியின் விளைவை 1854இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகார'த்திலே காணலாம். சைவரின் ஆலயம், அபிடேகம், நைவேத்தியம், தீட்டு முதலியவற்றை மூடத்தனம் எனப் பழித்த மிசனரிமாருக்கு அவர்களுடைய நூலையே எடுத்துக் காட்டினார் நாவலர். பழைய ஏற்பாட்டில் ஆலயம் உண்டு, பேழை உண்டு, பலியும் தூபமும் குருத்துவ ஆடைகளும் உண்டு. இவை எவரும் அறியாத மறைபொருள்கள் அல்ல. யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் பக்கம் பக்கமாக விரிந்து கிடப்பவை. எனினும் மேலைத் தேசத்துச் சீர்திருத்தச் சபையின் கண்ணாடி வழியே நோக்கியோர்க்கு அவற்றின் கனம் புலப்படவில்லை. சடங்கின் இயல்பை அறிந்த ஒரு சைவரின் கண்ணுக்கு அது புலப்பட்டது. நம்பிக்கையில்லாதவர் மறைநூலை உணர முடியாது என்னும் கூற்று இவ்விடத்திலே தளர்ந்துவிடுகின்றது. நம்பினோர் காணாததை நம்பாதவர் கண்டார். கண்டதும் நூலில் உள்ளதே.

ஆயினும் நாவலரின் வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது வாதநூல். எதிரியின் வாளை வாங்கி எதிரியைத் தடுப்பதே அதன் நோக்கம். ஒரு கிறிஸ்தவக் குடியானவனின் துன்பத்திலே சிலுவை என்ன பொருள் தருகின்றது என்பதை விளக்க அது முற்படவில்லை. அவர் துணைநின்ற மொழிபெயர்ப்பும் தென்னிந்தியத் திருச்சபைகளின் பொது ஏற்பைப் பெறவில்லை. போவரின் தலைமையிலே திருத்தம் மீண்டும் தொடங்கி, 1871இல் ஐக்கியத் திருப்புதல் உருவாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே பப்பிரிசியுஸ் செய்த பழைய மொழிபெயர்ப்பையோ லுத்தரன் சபையார் அதன் பின்னும் கைவிடாது போற்றினர். வழிபடுவோர் தம் நாவிற் பழகிய சொல்லிலே கண்ட பொருள், இலக்கணத் தூய்மையால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதை இது காட்டுகின்றது.

அடுத்து இராமநாதனை (1851–1930) நோக்குவோம். இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரலாக விளங்கிய காலத்தில், பரானந்தர் என்ற பெயரிலே, 1898இல் மத்தேயு நற்செய்திக்கும் 1902இல் யோவான் நற்செய்திக்கும் ஆங்கிலத்திலே விரிவுரைகளை வெளியிட்டார். முதல் நூலின் தலைப்பே, பரானந்தரின் இறையனுபவ ஒளியில் இந்நற்செய்தி விளக்கப்படுகின்றது என்று அறிவிக்கின்றது. அவர் தமக்கு அதிகாரமாகக் காட்டுவது அனுபவத்தையே என்பது இதனால் வெளிப்படை. கிறிஸ்து உபதேசித்தது மெய்ஞ்ஞானம். மெய்ஞ்ஞானம் எத்தேசத்தார்க்கும் ஒன்றே. ஆகவே ஞானநெறி அறிந்த கீழைத்தேசத்தார்க்கு நற்செய்தியின் உட்பொருள் எளிதிற் புலப்படும் என்பது அவ்விரிவுரைகளின் அடிப்படை.

இவ்வாசிப்பின் சிறப்பை மறுத்தல் ஆகாது. நாவலர் விவிலியத்தை எதிர்வழக்காடும் ஆவணமாகக் கொண்டார். இராமநாதன் அதனைத் தம் உயிரோடு பேசும் நூலாகக் கொண்டார். ஆட்சியாளரின் சமயநூல் என்று ஒதுங்கி நின்ற சைவர்க்கு, இது நமக்கும் உரியதே என்னும் துணிவை அது தந்தது. ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. அனுபவமே சான்று எனின், அவ்வனுபவம் இல்லாதவர் கேள்வி எழுப்ப இடமில்லை. நூலில் ஒன்று பொருந்தாதபோது நூல் திருத்தப்படுமேயன்றி அனுபவம் திருத்தப்படாது.

ஓர் எடுத்துக்காட்டு: இறையரசு அகத்தே உணரப்படுவது எனக் கொள்வோர்க்கு இயல்பாகவே ஆதாரமாக அமைவது லூக்கா 17:21. அவ்வரசு கேட்போருக்கு உள்ளே இருப்பதாக ஐக்கியத் திருப்புதல் கூறும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' அவர்கள் நடுவே இருப்பதாகக் கூறும். மூலக் கிரேக்கச் சொல் இரு பொருளுக்கும் இடந்தருவது. அன்றியும், அவ்வாக்கியம் சீடரை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. இறையரசு எப்போது வரும் என வினவிய பரிசேயருக்குக் கூறப்பட்டது. எதிர்த்து நின்றோரின் உள்ளத்திலே அவ்வரசு இருந்தது என்பதா, அன்றி அவர்கள் நடுவே நின்றவரிடத்தே அது வந்துவிட்டது என்பதா? முன்னதைக் கொண்டால் அது அகநெறி. பின்னதைக் கொண்டால் ஒரு சமூகத்தின் நடுவே நிகழும் மாற்றம். இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதைத் தியானம் மட்டும் தீர்க்காது. மொழியையும் சூழலையும் ஆராய்ந்தே தீரவேண்டும்.

திருச்சபையின் பேரறிஞர் அகுஸ்தீன் இவ்விடரை நன்கு உணர்ந்திருந்தார். 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றிலே பவுலின் திருமுகத்தைத் திறந்து வாசித்த கணத்தில் அவருடைய வாழ்வு திரும்பியது. அருளின் வன்மையை அவரினும் அறிந்தார் எவர்? எனினும், கிறிஸ்தவப் போதனைபற்றி அவர் இயற்றிய நூலின் முகவுரையிலே, இறைவனே உணர்த்துவான், எமக்கு விதிகள் வேண்டா என்போருக்கு மறுமொழி கூறுகின்றார்: அவர்களும் எழுத்தை மனிதரிடமே கற்றனர்; மேலும், தாம் உணர்ந்ததைப் பிறர்க்கு ஏன் விளக்க முற்படுகின்றனர்? அருள் பெற்றவரே கல்வியைக் காக்க எழுந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

நமது சைவசித்தாந்த மரபும் இதற்கு வேறான வழி கூறவில்லை. நூலறிவைப் பாசஞானத்துள் அடக்கிப் பதிஞானத்தை அதற்கு மேல் வைப்பது சித்தாந்தம். சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்ட முதியவரே இளம்பாலகராகிய மெய்கண்டாரின் மாணவராகி அருணந்தி சிவாசாரியர் ஆனார் என்பது மரபு. கல்வி அருளின் முன் பணிந்தது என்று இதனைக் கூறி நிறுத்துதல் வழக்கம். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. சிவஞானபோதத்தின் வழிநூலாகச் சிவஞானசித்தியாரை இயற்றியவர் அப்பண்டிதரே. பிற மதங்களைப் பரபக்கத்திலே ஒவ்வொன்றாக எடுத்து ஆராய அவர் முன்பு கற்ற கல்வியே கைகொடுத்தது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்துக்குக் கூறப்படும் படிகளுள் நிட்டை இறுதியிலேயே நிற்கின்றது. எம்மாவு நோக்கிச் சென்ற சீடர் இருவரின் கதையிலும் இதே முறைமை உண்டு. வழிநெடுகிலும் மறைநூல் விளக்கப்பட்டது. அப்பம் பிட்கப்பட்டபோதே கண் திறந்தது.

எனவே, கல்வியும் அருளும் ஒரே வினாவுக்குரிய இரு விடைகள் அல்ல என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்நூல் என்ன கூறுகின்றது என்பது ஒரு வினா. அது என்னிடம் என்ன கேட்கின்றது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை காணும் உரிமை கற்ற எவர்க்கும் உண்டு. நாவலர் அதற்குச் சான்று. பின்னதற்கு விடை அவரவர் வாழ்விலே கிடைப்பது. பிறர் அதனை மறுக்கவோ வழங்கவோ இயலாது. ஆனால் பின்னதிற் பெற்ற விடையை, நூலின் பொருள் இதுவே என்று மன்றத்திலே வைப்பவர், முன்னதன் சோதனைக்கு உட்பட்டே ஆகவேண்டும். இராமநாதனின் விரிவுரையையும், இன்று யாழ்ப்பாணத்தின் எந்தப் பிரசங்க மேடையிலும் எழும் வெளிப்பாட்டு உரிமையையும் இவ்வளவுகோலால் அளக்கலாம்.

எமது பல்கலைக்கழகம், 1921இல் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்திலே 1974இல் தொடங்கப்பெற்றது. இங்கு இந்து நாகரிகமும் கிறிஸ்தவ நாகரிகமும் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. கிறிஸ்தவ நண்பர் சித்தியாரையும் சைவ நண்பர் லூக்காவையும் மூலத்தோடு வைத்துக் கற்று, பின்னர் ஒருவரையொருவர் வினவுதல் இங்கே இயலும். அவ்வினாவுக்கு, உமக்கு அனுபவமில்லை என்பது விடையாகாது. நாம் கற்றுவிட்டோம் என்பதும் விடையாகாது.