திருமண விகிதமும் சமயப் பகுப்பும்: மணநிலை வகைமைகள் குறித்த ஒரு திறனாய்வு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மக்களின் மணநிலையைச் சமயவாரியாகவும் அட்டவணைப்படுத்துகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 விழுக்காட்டினர், கிறித்தவர் 6.12, இசுலாமியர் 5.86. இப்பிரிவினரின் மணநிலை எண்களை அருகருகே வைத்து, ஒரு சமயம் திருமணத்தை மிகுதியாகப் போற்றுகிறது, மற்றொன்று அதனின்று விலகுகிறது எனப் பொருள்கொள்வது எளிது, ஆனால் பொருந்தாது. சமயங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மணவாழ்வுக்குள் நுழைவதில் அன்று, அதிலிருந்து வெளியேறுவதிலும் மீண்டும் நுழைவதிலுமே தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதற்சிக்கல் வயதமைப்பு. நூறு பேர் கொண்ட இரு குழுக்களில் ஒன்றில் 40 பேரும் மற்றொன்றில் 25 பேரும் மணவயதை எட்டாதவர்கள் எனக் கொள்ளலாம். இரண்டிலும் வயதுவந்தோரில் 80 விழுக்காட்டினர் மணமானவர்களாயின், முதற்குழுவின் விகிதம் 48, இரண்டாவதன் விகிதம் 60. வழக்கம் ஒன்றாக இருந்தும் எண்கள் வேறுபடுகின்றன. இந்திய அளவில் இசுலாமியரின் வயதமைப்பு பிற சமயத்தாரினும் இளமையானது. எனவே வயதைக் கருதாத ஒப்பீடு சமயத்தைப் பற்றி ஏதும் உணர்த்துவதில்லை.

வயதை நேர்செய்த பின்னரும் மணவாழ்வின் நுழைவாயிலில் பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை. தாமதமான மணமும் கணிசமானோர் மணமின்றி வாழ்வதும் மேற்கு ஐரோப்பாவின் தனிப்பாங்கு என ஜான் ஹஜ்னல் 1965இல் விளக்கினார். தமிழகத்தில் எச்சமயத்தாராயினும் பெரும்பாலோர் மணம் புரிகின்றனர். கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் கொள்கையால் மணம் துறந்தவர்கள். மொத்த மக்கள்தொகையில் அவர்கள் மிகச் சிறுபகுதியினரே.

வெளியேறும் வழியில்தான் நெறிகள் பிரிகின்றன. இசுலாமிய நெறியில் திருமணம் ஓர் ஒப்பந்தம். மணவிலக்குக்கும் கைம்பெண் மறுமணத்திற்கும் அதில் இடமுண்டு. கத்தோலிக்கத் திருச்சபை முறையாக நிறைவேறிய மணத்தை முறிக்கவியலாததாகக் கருதுகிறது. இந்துக்களிடமோ ஒரே நெறி இல்லை. உயர்சாதியினர் சிலரிடம் கைம்பெண் மறுமணத்திற்கு இருந்த சட்டத்தடையை 1856ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. வேறு பல சாதிகளிலோ 'அறுத்துக்கட்டுதல்' நெடுநாளைய வழக்கம். மதுரைக்கு மேற்கே வாழும் பிறமலைக் கள்ளரைப் பற்றி லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய வழக்கங்களைப் பதிவுசெய்தது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2)ஆம் பிரிவும் வழக்காற்று மணவிலக்கைக் காக்கிறது. ஆகவே 'இந்து' என்னும் ஒற்றைத் தலைப்பு, எதிரெதிரான இரு வழக்கங்களின் சராசரியையே தருகிறது.

இப்பிழையின் சுமை பெண்கள்மீதே விழுகிறது. மதுரை–திண்டுக்கல் சாலையில் உள்ள சமயநல்லூர் போன்றதோர் ஊரில், கணவன் கைவிட்டுப் பல்லாண்டு கடந்த பெண்ணைக் குடும்பத்தலைவர் 'மணமானவர்' என்றே கூறிவிடலாம்; கணக்கெடுப்பாளர் சான்று கேட்பதில்லை. அதே பெண் கைவிடப்பட்டோர்க்கான அரசு உதவித்தொகையை நாடும்போது தம் பிரிவை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். சமய வேறுபாடின்றி 2009இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டமும் மணத்தின் தொடக்கத்தைப் பதிகிறதேயன்றி அதன் முறிவைப் பதிவதில்லை.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்றாக வைக்கப்பட்ட 'பிரிந்து வாழ்வோர்', 'மணவிலக்குப் பெற்றோர்' ஆகிய வகைமைகள் 2011இல் தனித்தனியாக்கப்பட்டன. இது பயனுள்ள மாற்றம். ஆயினும் எத்தனையாவது மணம் என்பதும் பிரிந்த காலமும் தெரியாதவரை, மறுமணம் புரிந்தவரும் கைவிடப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவர். ஒப்பீட்டை மேற்கொள்ளும் ஆய்வாளர் வயது, பாலினம், சாதி வழக்கு ஆகிய மூன்றையும் பிரித்த பின்னரே சமயத்தைக் காரணமாகக் கூறுதல் தகும்.