எரியத்தக்க நகரம்: டோக்கியோ பற்றிய இராணுவத் தேசப்படம் ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

கவிதையையும் நாவலையும் அவை தோன்றிய சமுதாயச் சூழலில் வைத்து நோக்கும் முறை நம்மிடையே ஓரளவு நிலைபெற்றுவிட்டது எனலாம். ஆயினும் தேசப்படம், புள்ளிவிபர அட்டவணை, பொறியியல் அறிக்கை முதலியன கைக்கு வரும்போது அதே விமரிசகர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றனர். இவை அறிவியலின்பாற்பட்டவை, ஆதலால் வர்க்கச் சார்பற்றவை என்ற எண்ணம் முற்போக்காளரிடையேயும் ஆழப் பதிந்துள்ளது. பிரெஞ்சுப் புவியியலாளர் ஈவ் லக்கோஸ்த், புவியியல் முதற்கண் போருக்கே பயன்படுகிறது என்ற கருத்தை 1976இல் தமது நூலொன்றின் தலைப்பாகவே அமைத்தார். அது வெறுங் கோட்பாட்டுக் கூற்றன்று. 1972இல் வியட்நாமின் செந்நதி அணைகளின்மீது குண்டுகள் எங்கெங்கு வீழ்ந்தன என்பதை ஆராய்ந்தவர் அவர்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது, 1943 ஒக்டோபரில் அமெரிக்க இராணுவ விமானப்படையின் புலனாய்வுப் பிரிவினர் யப்பானிய நகரங்கள்மீதான தீத்தாக்குதலுக்கெனத் தொகுத்த தரவுகளில் இடம்பெறும் டோக்கியோ வலயப் படமாகும். நகரப்படம் என்றதும் வீதி, புகையிரத நிலையம், வழிபாட்டிடம் ஆகியவற்றை எதிர்பார்ப்போம். இங்கோ நகரம் வலயங்களாகக் கூறுபடுத்தப்பட்டுள்ளது. வீடுகள் எவ்வளவு நெருக்கமானவை, எப்பொருளாற் கட்டப்பட்டவை, மூண்ட தீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு எளிதிற் பரவும் என்பனவே பகுப்பின் அடிப்படைகள். எளிதில் எரியக்கூடியது முதலாம் வலயம். ஏனையவை அதன்பின் வரிசைப்படுகின்றன.

இவ்வரிசைப்படுத்தலே நம் கவனத்துக்குரியது. பண்டத்தை ஆராயும்போது, மனிதரிடையேயான உறவு பொருள்களின் இயல்பாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். அதே தோற்றமயக்கம் இப்படத்திலும் தொழிற்படுகிறது. எரிபற்றுமை மரத்தின் குணமாக, வைக்கோற் பாயின் குணமாக, கூரையின் குணமாகக் காட்டப்படுகிறது. அம்மரவீடுகள் ஏன் அங்கு அவ்வளவு நெருங்கி நின்றன என்ற வினாவுக்குப் படத்தில் இடமில்லை.

விடை நகரின் வரலாற்றில் உள்ளது. சுமிதா ஆற்றையொட்டிய அசாகுசா, ஹொஞ்ஜோ, ஃபுகாகாவா முதலியன சிதாமாச்சி எனப்படும் தாழ்நகரைச் சேர்ந்தவை. எதோ காலத்திலேயே கைவினைஞரும் சிறுவணிகரும் வாழ்ந்த பகுதிகள் இவை. மெய்ஜி காலத்தின் பின்னர் ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரைகளிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமங்களிலிருந்து பெயர்ந்து வந்த உழைப்பாளர் அவற்றைச் சூழ்ந்த வரிசை வீடுகளில் அடைந்து வாழ்ந்தனர். மேட்டு நிலமான யமனோத்தேயில் வசதிபடைத்தோரின் தோட்டவீடுகள் இருந்தன. 1923 செப்டெம்பர் முதலாந் திகதி நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் ஹொஞ்ஜோவிலிருந்த பழைய இராணுவ உடைக் கிடங்கு வெளியில் மாத்திரம் ஏறத்தாழ 38,000 பேர் மாண்டனர். பின்னர் அகன்ற வீதிகள் வந்தன. உருக்குப் பாலங்கள் வந்தன. ஏழைகளின் வீடுகளோ மீண்டும் மரத்தாலேயே எழுந்தன. ஆகவே ‘எரிபற்றுமை’ என்று படம் குறிப்பது கூலியையும் வாடகையையும் நிலவிலையையுமே என்று கொள்வது தவறாகாது.

இவ்வறிவு எங்கிருந்து திரட்டப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. ஒற்றர்களின் இரகசியங்களைவிட, அமைதிக்காலக் குடியியல் அறிவே இதற்கு மிகுதியும் உதவிற்று. தீக்காப்புறுதித் துறையினரின் தகவல்களும் தீத்தடுப்புப் பொறியியலாளரின் ஆலோசனைகளும் பயன்கொள்ளப்பட்டன. வீடு எரியாமற் காக்க வளர்ந்த துறை, அதே வீட்டை எரிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தது! 1943இல் யூட்டா மாநிலத்து டக்வே பரிசோதனைத் திடலில் யப்பானியத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று, உள்ளே விரிக்கும் பாய்வரை, கட்டியெழுப்பப்பட்டது. அதன் வடிவமைப்பிற் பங்குகொண்ட அந்தோனின் ரேமண்ட், யப்பானில் நீண்டகாலம் பணியாற்றி அந்நாட்டு மரவேலையைப் போற்றிய கட்டடக் கலைஞர். கட்டியது ஸ்ராண்டட் ஒயில் கம்பனியின் ஆய்வு நிறுவனம். அங்குப் பரிசோதிக்கப்பட்ட எம்-69 தீக்குண்டினுள் இருந்த நேபாம் 1942இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. மூலதனமும் பல்கலைக்கழகமும் இராணுவமும் ஒரு தொழிலாளி வீட்டின் மாதிரியைச் சுற்றி நின்ற காட்சி அது. பல்கலைக்கழகத்திலிருந்து எழுதும் நாம் இதனை விரைந்து கடந்துவிட முடியாது.

1945 மார்ச் 9ஆந் திகதி இரவு புறப்பட்ட பி-29 விமானங்களில் 279 இலக்கை அடைந்து 1,665 தொன் குண்டுகளைச் சொரிந்தன. விடியுமுன் 15.8 சதுர மைல் எரிந்தொழிந்தது. இலக்கு வலயத்தின் சராசரிக் குடியடர்த்தி சதுர மைலுக்கு 103,000 எனத் திட்டமிட்டோர் அறிந்திருந்தனர். உத்தியோகபூர்வக் கணக்கில் இறந்தோர் 83,793 பேர். ஒரு இலட்சத்தை எட்டும் என்பதே பொதுவான மதிப்பீடு. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர்.

இத்துடன் நின்று, ஏழைகளை எரித்தார்கள், பணக்காரரை விட்டார்கள் என்று முடிப்பது எளிது. நம்மவர் சிலர் அவ்வாறு முடிக்கக்கூடும். அது வரட்டுவாதம். அரண்மனை தவிர்க்கப்பட்டது உண்மையே. ஆனால் மே மாத இறுதித் தாக்குதல்களில் யமனோத்தேயும் எரிந்தது. வர்க்கம் தீயின் எல்லையை வரையவில்லை. தீ எங்கிருந்து தொடங்குதல் ‘ஆதாயமானது’ என்ற வரிசையையே தீர்மானித்தது. தாழ்நகரின் வீடுதோறும் சிறுபட்டறைகள் இயங்கின, ஆகவே அவை இராணுவ இலக்குகளே என்ற அமெரிக்கத் தரப்பு நியாயத்தையும் இவ்விடத்தில் எதிர்கொள்ள வேண்டும். பட்டறைகள் இருந்தமை மெய். பெருந்தொழிற்சாலை தன் வேலையின் ஒரு பகுதியைக் குறைந்த கூலிக்கு வீடுகளுக்குள் தள்ளிவிட்டிருந்தது. வீட்டைப் பட்டறையாக்கிய அச்சுரண்டலே பின்னர் அவ்வீட்டை எரிப்பதற்கான சட்டநியாயமாயிற்று. அந்நியாயம் தன்னையறியாமல் தரும் ஒப்புதல்வாக்குமூலம் இது.

யப்பானிய ஆளும் வர்க்கத்தை நாம் இரங்கத்தக்க தரப்பாகக் காணவும் கூடாது. சொங்சிங் நகரின் மக்கள்மீது 1938 முதல் ஆண்டுக்கணக்காகக் குண்டு வீசிய ஏகாதிபத்தியம் அது. 1942 ஏப்ரில் 5இல் கொழும்பும் அதன் குண்டுகளைக் கண்டது. தன் நாட்டுத் தேசப்படங்களில் இராணுவத் தளங்களையும் முக்கிய ஆலைகளையும் மறைத்துப் பூங்காவாகவும் வெளியாகவும் அது மீளவரையச் செய்தது. பகைவன் 1944 நவம்பரிலேயே வானிலிருந்து டோக்கியோவைப் படம்பிடித்துவிட்டான். மறைக்கப்பட்ட படம் சொந்த மக்களின் கையிலேயே எஞ்சியது. 1941இல் திருத்தப்பட்ட வான்பாதுகாப்புச் சட்டமோ மக்கள் நகரைவிட்டு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி, நின்று தீயணைக்கும் கடமையை அவர்கள்மேற் சுமத்தியது. ஒருவர் எரிக்கும் வலயத்தை வரைந்தார். மற்றவர் மக்களை அவ்வலயத்துள் நிறுத்தினார். தாக்குதலை நடத்திய லெமே 1964இல் யப்பானிய அரசின் உயர் விருதைப் பெற்றது இதனாலேயே நமக்கு வியப்பளிப்பதில்லை. உயிர்தப்பியோரும் உறவிழந்தோரும் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கு 2013இல் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வியுற்றது. இராணுவத்தினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஓய்வூதியம் உண்டு.

இவ்வலயப் படத்தோடு ஒப்புநோக்கத்தக்க இன்னொரு படம் உண்டு. 1945 டிசெம்பரில் யப்பானின் முதலாவது படைக்கலைப்பு அமைச்சு, நாடு திரும்பும் போர்வீரருக்குத் தத்தம் ஊர்களின் நிலையை அறிவிக்கும்பொருட்டு, எரிந்த பகுதிகளுக்கு நிறந்தீட்டிய நகரப்படங்களை ஆக்கியது. எரியவேண்டிய பகுதியை முன்னது காட்ட, எரிந்துபோன பகுதியைப் பின்னது காட்டுகிறது. ஆயினும் வாசகன் மாறிவிட்டான். தன் தெருவைத் தேடும் விரலுக்காக அப்படம் வரையப்பட்டது.

மூன்றாவது வகை ஆவணத்தை மக்களே ஆக்கினர். உயிர்தப்பியோருள் ஒருவரான எழுத்தாளர் சாவோதொமே கத்சுமோத்தோ முதலியோரின் முயற்சியால் 1970இல் டோக்கியோ விமானத்தாக்குதலைப் பதிவுசெய்யும் சங்கம் உருவாயிற்று. மார்க்சியப் பொருளியலாளரான மினோபே ரியோகிச்சி அப்போது மாநகர ஆளுநராக இருந்தார். அவரது நிர்வாகத்தின் ஆதரவுடன் 1973–74இல் ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. கூறியது கூறலும் ஒழுங்கின்மையும் கொண்ட சாட்சியங்கள் என்று இலக்கிய நயம் தேடுவோர் குறைகூறலாம். அக்குறையே அவற்றின் பெறுமதி என்பது எமது கருத்து. கோதோதோய் பாலத்தை எடுத்துக்கொள்வோம். தேசப்படத்தில் அது ஆற்றைக் கடக்கும் இரு கோடுகள். அன்றிரவு தப்பிச்செல்ல எண்ணி இரு கரைகளிலிருந்தும் ஓடிவந்தோர் நடுப்பாலத்தில் எதிரெதிரே நெருக்குண்டு, விலக இடமின்றி, அங்கேயே எரிந்தனர். 1928இல் கட்டப்பட்ட அப்பாலம் இன்றும் நிற்கிறது. 1992இல் திருத்தவேலையின்போது பெயர்த்தெடுத்த கற்களிற் சில அருகிலுள்ள சுமிதா பூங்காவில் வைக்கப்பட்டுள்ளன.