பழைய படகும் சொந்த ஸ்பேனரும்

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்து ஓட்டுகிறவர் அதில் எந்தெந்த வேலைகளைத் தானே செய்துகொள்ளலாம் என்பதற்கு அரசு விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. டயர் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம். அதற்கு மேற்பட்ட வேலை என்றால் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டும். படகுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. இருபது, முப்பது வருடம் ஓடிய குடும்பப் படகு ஒன்றை வாங்கியவர் இன்ஜினை முழுக்கப் பிரித்து மாட்டிவிட்டு, மறுநாளே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போகலாம். தடுக்க ஆளில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற கோட்டை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு எங்கே விழவேண்டும் என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி.

முதலில் படகைப் பார்த்துவிடுவோம். மிச்சிகன், ஒன்டாரியோ பக்கத்து ஏரிகளில் கோடைக் காலத்தில் ஓடும் 18 முதல் 24 அடிப் பழைய குடும்பப் படகுகளில் பல ஸ்டெர்ன்டிரைவ் வகை. இன்ஜின் படகின் பின்பகுதியில் ஒரு மூடிக்கடியில் இருக்கும். பற்சக்கரங்களும் புரொப்பெல்லரும் கொண்ட டிரைவ், பின்சுவருக்கு வெளியே தண்ணீரில் தொங்கும். 1959இல் வால்வோ பென்டா இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961இல் மெர்க்குரூசர் வந்தது. பழைய மெர்க்குரூசர் ஒன்றின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்தான்: நான்கு சிலிண்டர் 3.0 லிட்டர், வி-6 வகையில் 4.3, வி-8 வகையில் 5.7. செவ்ரலே கார்களிலும் லாரிகளிலும் ஓடிய அதே குடும்பம். கார் வேலை தெரிந்தவருக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். அவருடைய பலம் அந்தப் பழக்கம்தான். அவர் விழும் குழியும் அதுவே.

தானே செய்வதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம் பணம். அதை லேசாக ஒதுக்க முடியாது. மரீனா மெக்கானிக்கின் கூலி மணிக்கு 100 டாலரைத் தாண்டும். படகின் சந்தை விலையோ சில ஆயிரம் டாலர். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டையும் மாற்றி, டிரைவையும் ஒருமுறை பிரித்துப் பார்த்தால் படகின் விலையில் பாதி பில்லாக வந்து நிற்கும். எல்லா வேலைக்கும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால், உரிமையாளரின் கை படாத பழைய படகு சீக்கிரமே கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கடியில் போய்ச் சேரும். இதுவரை வாதம் சரி. ஆனால் பணத்தை மிச்சப்படுத்தவே ஸ்பேனர் எடுத்தவர், உதிரிபாகத்திலும் பணத்தை மிச்சப்படுத்தத்தான் பார்ப்பார். இந்த வாதத்தின் பலவீனம் அங்கே ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எதிர்த்தரப்பு சொல்வது நிபுணத்துவம்: படகு இன்ஜின் தேர்ந்தவர்களின் வேலை, கற்றுக்குட்டி தொடக்கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உரைத்துப் பார்க்க வேண்டிய இடம் உறைபனிக்கு முந்தைய வேலை. இந்தப் பழைய இன்ஜின்களில் பல ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, பிளாக்குக்குள் சுற்றவிட்டு, எக்ஸாஸ்ட் வழியே வெளியே தள்ளுபவை. தண்ணீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் இரும்பு பிளாக்கே வெடித்துவிடும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே விடுமுறை முடிந்ததும் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கரையேறும். மரீனாவில் வரிசை நிற்கும். சில வாரங்களுக்குள் அத்தனையையும் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் உங்கள் படகைத் தொடுவது பத்தாண்டு அனுபவசாலியா, சீசன் வேலைக்கு மட்டும் வந்த பையனா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இந்த வேலையில் உள்ள நுட்பத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். வி-8 இன்ஜினில் தண்ணீரை வடிக்கக் குறைந்தது ஐந்து இடங்கள்: பிளாக்கின் இருபுறமும் ஒவ்வொன்று, இரண்டு மேனிஃபோல்டுகளிலும் ஒவ்வொன்று, சுழற்சிப் பம்பின் பெரிய ஹோஸ் ஒன்று. பிளாக்கின் பக்கவாட்டில் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் பித்தளைப் பிளக்கைக் கழற்றுகிறோம். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காலி என்று நினைத்து மாட்டிவிட்டால் வசந்தத்தில் பிளாக் பிளந்திருக்கும். அந்தத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்தவேண்டும். வருடக்கணக்காகப் படிந்த துருவும் மணலும் அடைத்திருக்கும். அடைப்பு உடைந்ததும் செம்பழுப்பு நீர் முழங்கைவரை பாயும். இதில் நிபுணத்துவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சந்தேகப்படும் மனமும், கம்பியை விட்டுக் குத்தப் பத்து நிமிடமும் போதும். இவை இரண்டும் வரிசையில் நிற்கும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூலியாளைவிட, ஒரே படகு வைத்திருப்பவரிடம் அதிகம்.

அதே வேலையில் சோம்பேறி வழியும் ஒன்று உண்டு. டிரைவின் நீர்வாயில் மாட்டிய ரப்பர்க் கிண்ணங்கள் வழியாக, இன்ஜின் ஓடும்போதே ஆன்டிஃப்ரீஸை உறிஞ்சவிட்டு, எக்ஸாஸ்டில் நிறம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். தெர்மோஸ்டாட் திறக்குமளவு இன்ஜின் சூடேறாவிட்டால் அந்தத் திரவம் பிளாக்குக்குள் போகவே போகாது; பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். திறந்திருந்தாலும் தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகும். முதலில் வடித்துவிட்டுப் பிறகு ஊற்றினால்தான் நம்பலாம். இந்தத் தவற்றை மரீனாவும் செய்யலாம், உரிமையாளரும் செய்யலாம். ஆக, நிபுணத்துவ வாதம் பாதிதான் நிற்கிறது: வேலையின் தரம் செய்பவரின் பட்டத்தைவிட, அவர் அந்த ஒரு இன்ஜினுக்குக் கொடுக்கும் நேரத்தைப் பொறுத்தது.

பணத்தைவிடக் கனமான ஒரு காரணத்தை இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. தானே பராமரிப்பவர் படகின் உடல்நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். டிரைவின் கியர் ஆயிலை வடிக்கும்போது அது பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் எங்கோ சீல் போய்த் தண்ணீர் நுழைகிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு அந்த சீலை அறுத்துக்கொண்டிருப்பது தெரியும். மெர்க்குரூசரின் ஆல்ஃபா ஒன் வகை டிரைவில் தண்ணீர்ப் பம்பு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. பிரித்தால்தான் இம்பெல்லரைப் பார்க்கமுடியும். அதன் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து அப்படியே விறைத்துப்போயிருந்தால் மாற்றவேண்டும். ஓர் இதழ் குறைந்தால் அது குளிர்விக்கும் பாதையில் எங்கோ அடைத்துக் கிடக்கிறது என்று தேடவேண்டும். இவற்றைக் கண்ணால் பார்த்தவருக்கு, ஏரி நடுவில் சூட்டு மீட்டரின் முள் ஏறும்போது என்ன நடக்கிறது என்று தெரியும். உடனே இன்ஜினை அணைப்பார். பில்லை மட்டும் பார்த்தவர் கரைவரை ஓட்டிப் பார்ப்பார்.

இனி எதிர்ப்பக்கம். சொந்தக் கையால் செய்வது உண்மையில் ஆபத்தாகும் இடம் பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே திறந்த வெளியில் கலைந்துபோகும். படகில் அடித்தளக் குழியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். இந்தப் படகுகளில் ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் புளோயரை 4 நிமிடம் ஓட்டி ஆவி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதனால்தான். கார் பழக்கம் குழியாவதும் இங்கேதான். கார்க் கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை அதே போல்ட் துளைகளில் அச்சாகப் பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் படகுக்கானவை உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி கட்டப்பட்டவை. படகின் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள்ளேயே விழும்; கார் கார்புரேட்டர் வெளியே கசியவிடும். படகின் பெட்ரோல் பம்புக்கு இரட்டைச் சவ்வு. ஒன்று கிழிந்தால் கசிவு ஒளிபுகும் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் போய்க் கண்ணுக்குத் தெரியும். எரிபொருள் ஹோஸ்கூட இரண்டரை நிமிடத் தீச்சோதனையைத் தாங்கவேண்டிய தனி வகை.

1971ஆம் ஆண்டுப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த அமெரிக்க விதிகள் இவற்றையெல்லாம் படகு செய்யும் கம்பெனியிடம் கட்டாயமாகக் கேட்கின்றன. இருபது வருடம் கழித்து உரிமையாளர் எதைக் கழற்றி எதை மாட்டினார் என்று பார்க்க வீட்டுக்கு வருபவர் இல்லை. கார் ஆல்டர்னேட்டரை மாட்டிய படகு அன்றைக்கே ஸ்டார்ட் ஆகும், நன்றாகவும் ஓடும். வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். தவறு தன்னைக் காட்டிக்கொள்ளும் நாளில் திருத்த வாய்ப்பு இருக்காது. பணத்தை மிச்சப்படுத்தும் வாதத்தின் பலவீனம் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

ரப்பர் பெல்லோஸும் இதே இனம். டிரைவுக்கும் பின்சுவருக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகள் இருக்கும். எக்ஸாஸ்ட் உறை கிழிந்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான். யு-ஜாயின்ட் உறையோ கியர் கேபிள் உறையோ கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும். துறையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன படகு ஆளில்லாத நேரத்தில் மெல்ல மூழ்கும். மடிப்புகளை விரித்து வெடிப்பு தேடுவது யாராலும் முடியும். வருடம் ஒருமுறை கட்டாயம் செய்யவேண்டும். மாற்றுவது வேறு கதை. உறையைச் சரியாக உட்காரவைக்கவும், டிரைவின் தண்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங்கைக் கழற்றவும், இன்ஜினும் டிரைவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கவும் தனித்தனிக் கருவிகள் தேவை. அவை இல்லாமல் அடித்து நுழைத்த உறை கரையில் சரியாகத்தான் தெரியும். தண்ணீரில் இறங்கிய பிறகே குறை வெளிப்படும்.

இந்த உதாரணங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், வேலை எளிதா கடினமா என்ற வழக்கமான அளவுகோல் உதவாது என்பது புரியும். ஆல்டர்னேட்டரை மாற்றுவது மிக எளிது, ஆனால் தவறான பாகம் கொல்லும். ஆல்ஃபா டிரைவை முழுதாக இறக்கி ஏற்றுவது கனமான வேலை: கியரை முன்னோக்கிப் போட்டுவிட்டு ஆறு நட்டுகளைக் கழற்றவேண்டும், ஏற்றும்போது ஒவ்வொன்றையும் 50 அடி-பவுண்டுக்கு முறுக்கவேண்டும். ஆனாலும் பம்பு சரியாகப் பொருந்தவில்லை என்றால், கரையிலேயே ஹோஸ் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும்போது முள் காட்டிக்கொடுத்துவிடும். கேட்கவேண்டியது இரண்டே கேள்வி. செய்த தவறு கரையில் இருக்கும்போதே தெரியுமா? தெரியாமல் போனால் அதன் விலை பணமா, உயிரா?

இந்த அளவுகோலில் நிறுத்தினால் தீர்ப்பு தெளிவாகவே விழுகிறது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், ஃபில்டர், அரிப்பைத் தடுக்கும் அனோடு, கிரீஸ், இம்பெல்லர், உறைபனிக்கு முந்தைய வடிப்பு ஆகியவற்றை உரிமையாளர் செய்யலாம் என்பதல்ல, செய்யவேண்டும். பழைய படகில் இவற்றை மற்றவரிடம் விடுவதே கவனக்குறைவு. மேனிஃபோல்டு, கார்புரேட்டர் போன்றவை நடுவில் நிற்கின்றன: படகுக்கென்றே விற்கும் பாகமும், டார்க் ரெஞ்சும், அந்த இன்ஜினின் சீரியல் எண்ணுக்குரிய தொழிற்சாலைக் கையேடும் மூன்றும் கையில் இருந்தால் செய்யலாம், ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பல மாடல்களை ஒரே அட்டைக்குள் அடைத்த பொதுக் கையேடுகளும் விடியோக்களும் இந்தக் கட்டத்தில் போதாது, ஏனென்றால் முறுக்கு அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். பெட்ரோல் டாங்கிலிருந்து வரும் ஹோஸ், பெல்லோஸ் மாற்றம், இன்ஜின் நேர்க்கோடு ஆகியவற்றைத் தேர்ந்தவரிடம் விடுவதே சரி; முடிந்தால் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

பழைய படகை வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னவர் எந்தக் கோட்டை எங்கே போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் பருவத்தில் தண்ணீரில் இறக்குமுன் மூடியைத் திறந்து ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்பு நான்கின்மீதும் உள்ள பாக எண்களைக் குறித்து, அவை படகுக்கானவையா என்று சரிபாருங்கள். ஒன்று கார்ப் பாகமாக இருந்தாலும், அதை மாற்றும்வரை அந்தச் சாவியைத் திருப்பாதீர்கள்.