சுவர் தந்த மரம்

போன்சாயைப் புதிதாகப் பார்ப்பவரின் கண் முதலில் இலையில் விழும்; பழகிய கண் அடிமரத்துக்குப் போகும். கிளையைக் கம்பி கட்டி ஓரிரு வருடத்தில் திருப்பிவிடலாம். இலையைக் கிள்ளிக் கிள்ளிச் சிறுக்க வைக்கலாம். அடிமரமும் அது மண்ணைப் பற்றியிருக்கும் விதமும் மட்டும் அவசரத்துக்கு வராது. மலைகளில் அலைந்து வயதான மரங்களை ஜப்பானியர் தோண்டி எடுத்துவந்ததற்கு முதல் காரணம் இதுதான். இதோயிகாவா, இஷிசுச்சி பகுதிப் பாறைகளில் பனியும் காற்றும் முறுக்கிய ஜூனிபர்களில் அடிமரத்தின் பெரும்பகுதி பட்டுப்போய் வெளுத்திருக்கும். அதன் ஓரமாக ஒடுங்கிய ஒரு பட்டை மட்டும் உயிரோடு ஏறி மேலே பச்சை காட்டும். அந்த வெள்ளைக் கட்டைதான் மரத்தின் வரலாறு. மெதுவாக வளர்ந்து இறுகிய, பிசின் செறிந்த கட்டை என்பதால் அது எளிதில் உளுத்துப்போவதில்லை.

அதே கண்ணை அப்படியே நம் ஊர் மரங்களுக்குக் கொண்டுவரும்போதுதான் பிசகு நேர்கிறது. ஆல், அரசு, இச்சி எல்லாம் பால் மரங்கள், கட்டை மென்மையானது. பட்டையை உரித்து, குடைந்து, கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் பூசி வெள்ளையாக்கினாலும், சில மழைக்காலங்களிலேயே ஈரம் ஏறிப் பொடிந்துவிடுகிறது. இந்த மரங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேறு இடம் வேண்டும். என் கட்சி இதுதான்: அந்த இடம் வேர். அந்த வேரை உருவாக்குவதில் தேர்ந்த வளர்ப்பாளரின் கையைவிடப் பழஞ்சுவர் ஒரு படி மேல்.

பறவை எச்சத்தோடு வந்து விழுந்த விதை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விரிசலிலோ மழைத்தண்ணீர்க் குழாயின் ஓரத்திலோ முளைக்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். அதுதான் அதன் சொத்து. மேலே முழ உயரத்துக்குத் தழை, கீழே மணிக்கட்டுப் பருமனுக்கு அடி. வேர்கள் ஈரத்தைத் தேடிச் சுவரின் முகத்தில் தட்டையாக வழிந்து இறங்குகின்றன. செங்கல்லின் விளிம்பில் மடிகின்றன. ஒன்றையொன்று தொட்ட இடத்தில் ஒட்டி ஒன்றாகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் அவ்வப்போது வந்து தலையை ஒடித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு ஒடிப்புக்கும் பிறகு மெல்லிய புதுத் தளிர் ஒன்று தலைமை ஏற்கும். அடி பருத்து நுனி சிறுத்து வளைந்து வளைந்து ஏறும் அந்த அடிமரம், சீனாவின் குவாங்டாங் பகுதி லிங்னான் மரபினர் கம்பியை நம்பாமல் வெட்டி வளர்த்து, வெட்டி வளர்த்து அடைகிற வடிவத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எடுக்கும் வேலை பொறுமையைக் கேட்கும். இழுத்தால் வேர் சுவரிலேயே நின்றுவிடும். காரையைச் சுரண்டி, தேவையானால் ஒரு செங்கல்லையே பெயர்த்து எடுக்க வேண்டும். நுண்வேர் அநேகமாக மிஞ்சாது. அத்தி இனம் பருத்த கட்டையிலிருந்தே வேர் விடக்கூடியது என்பதால்தான் இந்த மீட்பு நடக்கிறது. தழையை நீக்கி, வழியும் பாலைத் தண்ணீரில் கழுவி, பெரிய வெட்டுகளை மெழுகால் மூடி, செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் கலந்த கலவையில் நட்டு, பாலித்தீன் உறையால் காற்றின் ஈரத்தைக் காத்து நிழலில் வைக்கலாம். தளிர் வந்ததும் வடிவமைக்கக் கை துறுதுறுக்கும். முழு வருடம் வெறுமனே வளரவிடுவதே நல்லது. ஆழமில்லாத தொட்டிக்குள் அடங்க வேண்டுமென்று தட்டை வேர்களை வெட்டிச் சமமாக்குவதுதான் இந்தக் கலையில் நடக்கும் ஆகப்பெரிய சேதம். தொட்டியைத்தான் மாற்ற வேண்டும், வேரை அல்ல.

நாலாபக்கமும் சீராகப் பரவிய வேரே அழகு, சுவர் மரத்தின் வேரோ ஒருபக்கமாகக் கிடக்கிறது, அது குறைதானே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சமதளத்தில் நிற்கும் மரத்துக்கு அந்த விதி பொருந்தும். ஆனால் ஜப்பானிய மரபே கல்லைத் தழுவிய வேருக்கும் தொட்டி விளிம்புக்குக் கீழே சரியும் மரத்துக்கும் தனி வடிவங்களை ஒப்புக்கொண்டிருக்கிறது. சுவர் மரத்தின் இடம் அந்தப் பக்கம். வெறுமையான பக்கத்தில் நாற்றுகளை ஒட்டுக்கட்டி வேரை நிரப்பிவிடலாம், அத்தியில் அது சுலபமும்கூட. எனக்கு அது ஒப்பவில்லை. மரம் எங்கே நின்றது என்பதற்கான ஒரே சாட்சியை அது அழித்துவிடுகிறது.

தொட்டியில் அடைப்பது மரத்துக்குச் சித்திரவதை என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. யமாகி குடும்பத்தின் வெள்ளைப் பைன் 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வருகிறது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது தோட்டத்துச் சுவர் மறைத்ததால் பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகத் தரப்பட்டு வாஷிங்டனின் தேசிய மரப் பூங்காவில் இருக்கிறது. வேர் கத்தரிப்பதும் மண் மாற்றுவதும் வதையாக இருந்தால் எந்த மரமும் இத்தனை தலைமுறை தாங்காது. அதே குற்றச்சாட்டின் இன்னொரு பாதியை, அதாவது காட்டைக் கொள்ளையடிக்கிறோம் என்பதை, நான் மறுக்க மாட்டேன். இதோயிகாவாவின் பாறை ஜூனிபர்கள் ஏறக்குறைய தீர்ந்துபோகும் வரை எடுக்கப்பட்டன. எடுக்கப்போய்ச் செங்குத்துப் பாறைகளில் உயிர்விட்டவர்களும் உண்டு. மலையில் நன்றாக வாழும் மரத்தை அழகுக்காகப் பெயர்ப்பதற்கு நியாயமே இல்லை. சுவர் மரத்தின் கதை வேறு. கட்டடத்தைக் காக்க அது எப்படியும் வெட்டப்படும், அல்லது அடியில் அமிலம் ஊற்றப்படும். கோபுரத்தில் முளைத்த அரசைப் பக்குவமாக அகற்றுவது கோபுரத்துக்கும் நல்லது, அரசுக்கும் நல்லது.

எல்லாருக்கும் சுவர் மரம் வாய்க்காது. வாய்க்க வேண்டியதும் இல்லை. இன்று புழங்கும் இதோயிகாவா ஜூனிபர்களில் பெரும்பாலானவை போத்து நட்டு வளர்த்தவைதான். மீட்ட மரத்தில் கழித்த கிளைகளும் போத்தாகும். நல்ல வளைவுள்ள கிளையில் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப் பாசி வைத்துக் கட்டி விண்பதியம் போட்டால் வெப்பமான பருவத்தில் ஓரிரு மாதத்திலேயே வேர் இறங்கிவிடும். தாயின் இலையும் வளரும் சுபாவமும் பிள்ளைக்கு வரும். சுவர் எழுதிய வேர் வராது. அதற்காகச் சிலர் இளம் போத்தின் வேர்களைச் செங்கல்மேல் பரப்பி, துணியால் இறுகச் சுற்றி மண்ணில் புதைத்துவைக்கிறார்கள். சில வருடம் கழித்து அவிழ்க்கும்போது வேர் கல்லைக் கவ்வியிருக்கும். அது போலி என்று ஒதுக்கத் தேவையில்லை. அங்கேயும் வேரைப் பருக்க வைத்தது காலம்தான், வளர்ப்பவர் இடத்தை மட்டுமே தேர்ந்தார். அதை இடிந்த மதிலிலிருந்து மீட்டதென்று சொல்லிக் காட்சிக்கு வைப்பது மட்டும் கூடாது.