போகும்போது லாபம், வரும்போது நஷ்டம்: சரியாப் போயிடுமா?

பத்தாவது படிக்கும் மகள் போன வாரம் ஒரு கணக்கோடு வந்தாள். 2,400 கி.மீ. தூரத்தை ஒரு விமானம், காற்று பின்னாலிருந்து தள்ளும்போது 3 மணி நேரத்திலும், அதே காற்றை எதிர்த்துத் திரும்பும்போது 4 மணி நேரத்திலும் கடக்கிறது. விமானத்தின் வேகம் என்ன, காற்றின் வேகம் என்ன?

போகும்போது 800, வரும்போது 600. ஆக விமானம் 700, காற்று 100. இரண்டே நிமிஷத்தில் போட்டுவிட்டாள். அதோடு விடாமல், "அப்பா, காத்தே இல்லன்னா போய்ட்டு வர எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"அதே 7 மணி நேரம்தான். போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், சரியாப் போயிடும்."

பி.இ. படித்து, இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் சொன்ன பதில். தப்பு.

4,800-ஐ 700-ஆல் வகுத்தால் சுமார் 6 மணி 51 நிமிடம்தான். காற்று எட்டரை நிமிடத்தைத் தின்றிருக்கிறது. கூட்டியதும் 100, கழித்ததும் 100, பிறகு எப்படி? உதவிய காற்று 3 மணி நேரம்தான் கூட வந்தது. எதிர்த்த காற்று 4 மணி நேரம் நின்றது. காற்றை 350 ஆக்கிப் பாருங்கள்: காற்றில்லாமல் போய்வர ஆகும் மொத்த நேரத்தையும் திரும்பும் பயணமே எடுத்துக்கொள்ளும். 700 ஆக்கினால் விமானம் திரும்பி வரவே வராது.

இந்த வகைக் கணக்குகள் மீது என் முதல் புகார் இதுதான். படகு, நீரோட்டம் கணக்குகளையும் சேர்த்தே சொல்கிறேன். நல்ல கேள்விக்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுகின்றன. எக்ஸ், ஒய் கிடைத்ததா, முழு மதிப்பெண், அடுத்த கணக்கு.

இரண்டாவது புகார், 'விமானத்தின் வேகம்' என்ற சொல். 700 என்பது காற்றைச் சார்ந்த வேகம். 800-ம் 600-ம் தரையைச் சார்ந்தவை. எது எது என்று புத்தகம் பிரித்துச் சொல்லாததால்தான் பிள்ளைகள் 'கூட்டு, கழி' என்று மனப்பாடம் செய்கிறார்கள். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. உச்சத்தில் தரை வேகம் மணிக்கு சுமார் 1,327 கி.மீ. ஒலியை முந்திவிட்டதா? இல்லை. புயற்காற்று பின்னாலிருந்து தள்ளியது. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

மூன்றாவது, குறுக்குக் காற்று. புத்தகத்தில் காற்று எப்போதும் நேர் பின்னால் அல்லது நேர் முன்னால். பக்கவாட்டில் அடித்தால் நேரம் கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் விலகாமல் போக, விமானம் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பியாக வேண்டும். பிதாகரஸ் தேற்றப்படி 693 கி.மீ.தான் மிச்சம். போய்வர சுமார் 6 மணி 56 நிமிடம். இங்கேயும் நாலு நிமிடம் நஷ்டம்.

இதில் தவறியவன் நான் மட்டும் இல்லை. ஒளி ஈதர் என்ற ஊடகத்தில் பரவுகிறது, பூமி அதனூடே ஓடுவதால் 'ஈதர் காற்று' அடிக்க வேண்டும் என்று அப்போது நம்பினார்கள். அதை அளக்க 1881-ல் முதல் சோதனை செய்த மைக்கல்சன், குறுக்கே போய்வரும் ஒளிக்கு நேரம் கூடாது என்று எடுத்துக்கொண்டார். எதிர்பார்க்க வேண்டிய வித்தியாசம் இரண்டு மடங்காகிவிட்டது. போட்டியேவும் லோரன்ட்ஸும் தவறைச் சுட்டிக்காட்டினார்கள். 1887-ல் மார்லியுடன் சேர்ந்து, கணக்கைத் திருத்தி, மறுபடி அளந்தார். எதிர்பார்த்த காற்று அகப்படவில்லை. இயற்பியலே மாறியது.

அந்தப் புகழ்பெற்ற சோதனையின் கணக்கும் மகளின் நோட்டில் இருந்த கணக்கும் ஒன்றுதான். புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'காற்று இல்லாவிட்டால் எவ்வளவு நேரம்?'

மகளிடம் என் பதிலை வாபஸ் வாங்கிவிட்டேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்: போகும்போது 60, வரும்போது 40 கி.மீ. வேகம், சராசரி என்ன? 50 என்று பதில் வந்தால் பேப்பரை எடுங்கள். விடை 48.