கழனியும் கொல்லையும்

என் கதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்த நண்பர், 'கழனி' வந்த இடமெல்லாம் 'பேடி ஃபீல்டு' என்று போட்டிருந்தார். அகராதிப்படி குற்றமில்லை. ஆனாலும் கதை செத்துப் போயிற்று. ஏன் என்று விளங்க எனக்கே சில நாளாயிற்று.

அந்த ஆங்கிலத் தொடரின் பூர்வோத்தரத்தைப் பாருங்கள். 'ஃபீல்டு' அவர்கள் வீட்டுச் சொல், 'பேடி' விருந்தாளி. நமக்கு உமியோடு இருந்தால் நெல், குத்தினால் அரிசி, வடித்தால் சோறு. ஆங்கிலேயருக்கு மூன்றும் 'ரைஸ்'தான். கீழ்த்திசைக்கு வியாபாரத்துக்கு வந்தபின் இந்தப் பேதம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மலாய்க்காரரின் 'பாடி'யை எடுத்துக்கொண்டார்கள். கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த'வும் இதில் கலந்திருக்கிறது போலும் என்பது 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் கருத்து. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். நம் 'நெல்'லுக்கும் அதில் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. ஆனால் வழக்கில் நிலைத்தது 'பேடி'தான்.

ஆக, அந்தத் தொடர் பயிரின் பேரால் நிலத்தை அழைக்கிறது. நம் வழக்கம் வேறு. 'செய்' என்றால் நிலம். அதை நன்செய், புன்செய் என்று பிரித்தது பயிரை வைத்தல்ல, தண்ணீரை வைத்து.

இதை எனக்குக் கற்பித்தது புத்தகமல்ல. உத்திரமேரூர்ப் பக்கம் காவாந்தண்டலத்தில் ஒரு பெரியவர் தம் கழனியைக் காட்டினார். அதில் மணிலாக்கொட்டை போட்டிருந்தது. "நெல்லே இல்லையே, இதுவா கழனி?" என்றேன்.

"எது போட்டா என்னங்க? ஏரித் தண்ணி பாயறவரைக்கும் கழனி. ஏரி தூந்துபோச்சுன்னா கொல்லை" என்றார்.

என் கதையே இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. "என் கழனி கொல்லையாப் போச்சே!" என்று கிழவி அழுவதோடு முடிகிறது. நண்பரோ தஞ்சாவூர்க்காரர். அவருக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். அப்படியே பெயர்த்துவிட்டார். நெல் வயல் வீட்டுப் புழக்கடையானதற்கு ஒரு கிழவி ஏன் மாரடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கில வாசகர் திகைத்திருப்பார்.

நண்பரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்துத் தலையாட்டியவன் நான். 'ஏரி பாயும் நிலம்', 'மழையை நம்பிய மேட்டு நிலம்' என்று விரித்தே எழுதும்படி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாக்கியம் நீளும், நீளட்டும். கிழவி எதற்கு அழுகிறாள் என்பதாவது தெரியும்.