பாட்டின் கீழே உள்ள பெயர்கள்

நா. வானமாமலை 1964-ல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுதியைப் படிக்கிறவர்கள் பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். அதன் கீழேயும் பார்க்கவேண்டும். சேகரித்தவர், இடம் என்று சின்னஞ்சிறு வரிகள். விளாத்திகுளம் வட்டாரத்துப் பாடல்களின் கீழே எஸ். எஸ். போத்தையாவின் பெயர் வரும். வானமாமலை 1980-ல் மறைந்தார். கரிசல் பேச்சுக்கு 1982-ல் அகராதி தந்த கி. ராஜநாராயணனும் 2021-ல் போய்விட்டார். இவர்களை நினைக்கிறோம், நியாயந்தான்.

ஆனால் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது யார்? 'உதவியவர்' என்று சில இடங்களில்தான் பெயர் இருக்கிறது. பல இடங்களில் அதுவும் இல்லை. தொகுதியில் எனக்குள்ள மனத்தாங்கல் இது ஒன்றே. பருத்திக்காட்டில் களையெடுத்துக்கொண்டே பாடியவள் ஊர்ப்பெயருக்குள் கரைந்துபோனாள்.

என் பெரியாத்தாளின் ஒப்பாரியில் ஒரு வரியைக்கூட நான் எழுதிவைக்கவில்லை. ஆகவே, இதற்குமேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.